தோணிக்காரி சாத்தியைப் பதினெட்டுப் பொருளினின்றும் விடுவித்த ஓலை

‘இப்படி எழுதி எழுதி யாருக்குடி காட்டப்போறே?’ என்று பன்னிரண்டு வயதில் எம்மைக் கேட்டவளும், யாம் விடை சொல்லாதிருந்தும் சினம் கொள்ளாமல் மறுநாளே புதுச்சொல் ஒன்றோடு வந்து நின்றவளும், மூன்று தோணிக்கும் ஒரு படித்துறைக்கும் எவருக்கும் அடங்காத இரண்டு வெள்ளாடுகளுக்கும் தலைவியும், சங்குத்துறையின் நீரோட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்ல வல்லவளும் ஆகிய சாத்திக்கு, நண்டுக்கொடி உடைய அலவன்கரை நாட்டின் அரசி பொன்னெயினி எழுதும் ஓலை. இது எழுத்தரை வைத்து எழுதுவித்தது அன்று. எம் கையால் எழுதியது. கோணல் எழுத்தைக் கண்டு நீயே அறிந்திருப்பாய்.

நின் மூன்று தோணிகளும் நலமாகுக. அவற்றின் அடிப்பலகையில் பாசி பற்றாதிருக்க. நின் படித்துறையில் ஏறுவோரும் இறங்குவோரும் வழுக்காதிருக்க. நின் ஆடுகள் பசியாதிருக்க. அவை பசியாதிருக்கும் பொருட்டு எம் தோட்டம் படப்போகும் பாட்டைக் கீழே எழுதுவோம்.

இவ்வோலை துறைவாயிலில் காவலர் முன்னிலையில் திறக்கப்படுவது. பின்னர் ஏட்டு மண்டபத்தில் வைக்கப்படுவது. ஆதலின் நீ நன்கு அறிந்தவற்றையும் முறைப்படி எழுதுகின்றோம். பொறுத்துக்கொள்க.

நம் நாட்டின் துறையில் வருவோரும் போவோரும் சுங்கமாகத் தருவது ஒரு சொல். அயலார் இறங்கும்போது தம் மொழிச் சொல் ஒன்றைத் தருவர். நம்மவர் ஏறும்போது மனத்தில் உள்ள சொல் ஒன்றைச் சொல்லிச் செல்வர். அயல்சொல் ஒன்று நம் ஏட்டில் குடியேற வேண்டுமாயின் அதன் ஒவ்வொரு பொருளுக்கும் நம் ஊரார் ஒருவர் துணைநிற்க வேண்டும். துணைநிற்பவர் அந்தப் பொருளைத் தம் வாழ்வில் ஒருமுறையேனும் பட்டறிந்தவராக இருத்தல் வேண்டும். அவரை வேண்டுபவர் நேரில் சென்று, அவர் வாசலில் நின்று, மும்முறை கேட்டல் வேண்டும். பிற்காலத்தில் எவரேனும் அச்சொல்லில் ஐயுற்றால் முரசறைந்து அழைக்கும்போது அவர் வந்து விளக்க வேண்டும். ஆகவே, சொல்லுக்குத் துணைநிற்பவர் அதை வேறொருவர் ஏற்கும் வரையில் நாட்டெல்லை கடத்தல் ஆகாது.

இம்முறை நன்முறையே. ஆயினும், இம்முறையைக் கொண்டே நினக்கு ஒரு தீங்கு செய்தோம். அது நிகழ்ந்த வகையை எழுதுகின்றோம்.

பள்ளியில் பாடத்தை உரக்க ஒப்பிக்கச் சொன்ன நாளில், எழுந்து நின்ற யாம் வாய் திறவாமல் வெளியே நடந்தோம். மீண்டும் அங்குச் செல்லவில்லை. அரசன் மகள் எங்கே என்று ஊர் தேடியபோது, யாம் கடற்கரைப் பாய்க்கொட்டகையில், தைத்துப் போட்ட கப்பற்பாய்க் குவியலின் பின்னே இருந்தோம். அங்கே எம்மைக் கண்டுபிடித்தவள் நீ. எவரிடமும் சொல்லாதிருந்தவளும் நீ. ஆங்கிலக் கப்பலோரைத் தோணியில் ஏற்றி இறக்கும்போது அவர் வாயிலிருந்து விழுந்த சொற்களை நீ பொறுக்கி வந்து எம்மிடம் கொட்டுவாய். யாம் அவற்றை ஓலை நறுக்குகளில் எழுதிக் கட்டி மீன்கூடையில் ஒளித்து வைப்போம். நீ எமக்குச் சொல் தந்தாய். யாம் நினக்கு எழுத்துத் தந்தோம்.

முதலில் நீ கொணர்ந்த சொல் லைட். மூச்சிரைக்க வந்து நீ சொன்னது இன்றும் எம் காதில் உள்ளது. ‘விளக்கைக் காட்டியும் லைட்டுங்கிறான், என் கூடையைத் தூக்கிப் பார்த்தும் லைட்டுங்கிறான். அந்த ஆளுக்குச் சொல் பஞ்சமாடி? நாம நாலு கொடுத்தனுப்புவோமா?’ என்றாய். யாம் சிரித்துவிட்டு இவ்வாறு எழுதினோம்:

லைட். ஒன்று: இருட்டில் வேண்டப்படுவது. இரண்டு: சுமக்கும்போது வேண்டப்படுவது. சாத்தி சொன்னாள்.

அவ்வாறே ஒவ்வொரு நறுக்கின் கடைசியிலும் ‘சாத்தி சொன்னாள்’ என்று எழுதினோம். அது நன்றி. வேறொன்றும் அன்று.

எம் தந்தையார் மறைந்து யாம் முடிசூடிய நாளில், கட்டிலை மாற்றிப் போட வந்தவர்கள் அதன் அடியில் ஏழு மீன்கூடைகளைக் கண்டு, அரண்மனையில் கருவாட்டு வாடை ஏன் என்பது இப்போது விளங்கிற்று என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஏட்டதிகாரி காப்பியனார் ஒருவர்தாம் கூடையைத் திறந்து பார்த்தார். பார்த்தவர் அங்கேயே தரையில் அமர்ந்து பொழுது சாயும் வரை படித்தார். துறையில் பணி செய்யும் எவரும் படித்தறியும்படி எளிமையாக எழுதப்பட்டவை இவை என்றும், இவற்றைத் துறைவாயிலில் தொங்கவிட வேண்டும் என்றும் வேண்டினார். முதற்கண் ஏழு சொற்களை எடுத்தார். ஏழு சொல்லுக்குப் பதினெட்டுப் பொருள். பதினெட்டிற்கும் துணை யார் என்று தேடியவர், ‘சாத்தி சொன்னாள்’ என்பதைக் கண்டு, சாத்தியே துணை எனக் கொண்டார். நல்லவர். அவசரக்காரர்.

அவையில் அவர் வாசித்தார். லைட், ஒளி: துணை சங்குத்துறைச் சாத்தி. லைட், கனமின்மை: துணை சங்குத்துறைச் சாத்தி. இப்படியே பதினெட்டு முறை. வாசித்துவிட்டு எம்மை நோக்கினார். நாழிகை வட்டில் ஒருமுறை நீர் நிறைந்து அமிழும் வரையில் அரசி பேசாதிருந்தால் ஏட்டதிகாரி வாசித்ததே ஆணை என்பது நம் அவைமுறை. யாம் பேசவில்லை. வட்டில் அமிழ்ந்தது. நின் வாசலில் எவரும் நிற்கவில்லை. நின்னை எவரும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நின் பெயர் மட்டும் ஏட்டில் ஏறிற்று.

ஏழு திங்கள் கழிந்தன. சென்ற திங்களில் ஆங்கிலக் கப்பலின் தலைவர், வழி அறிந்தவளும் இருமொழி பேசுபவளும் ஆகிய நின்னைத் தம்மோடு வருமாறு அழைத்தார் என்றும், நீ மூட்டையோடு துறைவாயிலுக்குச் சென்றாய் என்றும், காவலர் நள்ளி ஏட்டைப் புரட்டிவிட்டு நின்னைத் தடுத்தார் என்றும் அறிந்தோம். ‘என் பேரை யாரைக் கேட்டுய்யா எழுதினீங்க?’ என்று நீ கேட்ட குரல் மீன் சந்தை வரைக்கும் கேட்டது என்பார்கள். நள்ளி, ‘எனக்கென்னம்மா தெரியும், ஏட்டுல இருக்கு’ என்றாராம்.

பின்னர் நீ அவைக்கு வந்தாய். உப்புக் காய்ந்த காலோடு பளிங்குத் தரையில் நின்று, நின் பெயரை நீக்குமாறு கேட்டாய். நூறு பேர் எம் முகத்தை நோக்கினர். எம் நா எழவில்லை. வட்டில் பாதி நிறைந்தபோது நீ சிரித்தாய். ‘அன்னைக்குப் பள்ளியிலயும் பேசல, இன்னைக்கும் பேசல. இருக்கட்டும், ராணியம்மா’ என்று சொல்லித் திரும்பினாய்.

நாட்டில் எல்லாரும் எம்மை அவ்வாறே அழைக்கின்றனர். நீ மட்டும் எயினி என்பாய். அன்று முதன்முறையாக நின் வாயில் எமக்குப் பெயர் இல்லாமற் போனது.

அன்றே ஏட்டை வரவழைத்தோம். பதினெட்டுப் பொருளுக்கும் புதுத்துணை தேடாமல் நின்னை விடுவிக்க இயலாது என்றார் காப்பியனார். தாமே சென்று கேட்டு வருவதாகவும் கண்ணீரோடு சொன்னார். யாம் வேண்டாம் என்றோம். நேரில் சென்று வாசலில் நின்று கேட்க வேண்டும் என்பது முறையாயின், கேட்க வேண்டியவர் எழுதியவரே. குடையும் சேடியரும் இன்றி, பதினொரு நாள், யாமே நடந்தோம். யாம் நடந்தோம் என்பதை நீ நம்பமாட்டாய். எம் காலுக்கே நம்பிக்கை வரவில்லை.

முதல் வாசல் வலைக்காரத் தெருவில் வேட்கை என்பவளின் வீடு. பிள்ளை பெற்று ஒரு திங்கள் ஆனவள். வாசலில் நின்றோம், கேட்க வந்தது தொண்டையில் நின்றது. நெடுநேரம் கழித்து உள்ளிருந்து, ‘யாரு தாயி? கை வேலையா இருக்கேன், சோறு வடிச்சதும் போடறேன், நில்லு’ என்று குரல் வந்தது. யாம் நின்றோம். சோறு வந்தது, நண்டுக் குழம்போடு. உண்டோம். உண்ட பிறகு பேச்சு வந்தது. லைட் என்பதன் இரண்டாம் பொருளுக்குத் துணைநிற்பாயோ என்று மும்முறை கேட்டோம். எம்மை அறிந்துகொண்ட அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கனமின்மை என்றால் என்ன என்று தனக்குத் தெரியும் என்றும், பிள்ளை பெற்ற மறுநாள் எழுந்து நின்றபோது தரை தன்னைத் தூக்கிவிட்டது போலிருந்தது என்றும் சொல்லித் துணை ஏற்றாள்.

முதல் வாசல்தான் மலை. அதன்பின் இறக்கம்.

ரிங். ஒன்று: விரலில் ஏறினால் கழற்ற மனம் வராதது. இரண்டு: மணியைப் பேசவைப்பது. இரண்டாவதற்குக் கோயில் மணியடிக்கும் அந்துவனார் துணை. அவருக்குக் காது கேளாது என்று ஊரார் தடுத்தனர். மணி ஒலித்ததா இல்லையா என்பதைக் கயிறு தம் உள்ளங்கையில் சொல்லும் என்று அவர் எழுதிக் காட்டினார்.

ஃபைன். ஒன்று: நலமா என்று கேட்டால் சொல்வது. இரண்டு: சல்லடையில் தங்காமல் கீழே விழும் மாவு போன்றது. மூன்று: ஆடு மேய்ந்ததற்கு ஆட்டுக்காரி மேல் விதிப்பது. இந்த மூன்றாவதற்கு எம் தோட்டக்காரர் கோடனாரைக் கேட்டோம். ‘ஏம்மா, தின்னது அவ ஆடு, போனது என் வெண்டை, துணையும் நானா?’ என்றார். மூன்றாம் முறை கேட்டபோது, அந்த ஆடுகளின் பொருட்டுத் தாம் பட்டறிந்த அளவு இப்பொருளை எவரும் பட்டறிந்திலர் என்று தாமே ஒப்புக்கொண்டார்.

வாட்ச் என்பதன் மூன்று பொருளுக்கும், அதாவது கண் எடுக்காமல் பார்ப்பதற்கும், முறை வைத்து விழித்திருப்பதற்கும், கப்பல் தலைவரின் சட்டைக்குள் டிக் டிக் என்னும் சிறு பொறிக்கும், கலங்கரை விளக்கத்தில் பணி செய்யும் மூன்று உடன்பிறந்தார் துணை. யார் எதற்கு என்பதில் அவர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. ரெஸ்ட் என்பதன் முதற்பொருள் துடுப்பை வைத்துவிட்டு இருப்பது. இரண்டாம் பொருள் நீ தின்றது போக எமக்கு வைப்பது. இவ்விரண்டும் எளிதாயின. எவை எளிதாயினவோ அவற்றை இங்கே நீட்டவில்லை.

ஸ்பிரிங் எம்மை அலைக்கழித்தது. தோண்டாமலே வரும் நீர். அமுக்கினால் எழுந்து துள்ளுவது. இவற்றிற்கு ஆள் உண்டு. மூன்றாவது, அவர்கள் நாட்டில் பனி உருகியபின் வரும் பருவம். ‘சாத்தியும் பார்த்ததில்லை’ என்று யாமே நறுக்கில் எழுதியிருந்தோம். பார்த்திராத ஒருத்தியைத் துணையாக்கிய இந்த ஒன்றாலேயே ஏடு பிழைபட்டது என்பதை அவையும் ஒப்புக்கொண்டது. இறுதியில், முன்னொரு கப்பலில் வந்து நம் இட்லிக்கு ஆசைப்பட்டுத் தங்கிவிட்ட சமையற்காரர், நம்மவர் வில்லியப்பர் என்றழைப்பவர், துணை ஏற்றார். விறகென்று நினைத்து வெட்டப்போன மரத்தில் ஒரு காலை பச்சையாக ஒரு புள்ளி தெரியும் என்றார். அதைப் பார்த்ததும் கோடரியைக் கீழே போட்டுவிட்டுத் தம் தாயார் உள்ளே ஓடி எல்லாரையும் அழைப்பார் என்றார். பிறகு வெங்காயம் அரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாய்க்குவியலின் மேல் படுத்துக்கொண்டு, அந்தப் பருவத்தை இருவரும் சேர்ந்து போய்ப் பார்ப்பது என்று நீயும் யாமும் பேசிக்கொண்டது நினக்கு நினைவிருக்கும். எந்தத் தோணியில் போவது என்பதில்கூடச் சண்டையிட்டோம்.

எஞ்சியது ஒரு சொல்.

ஹோல்ட். ஒன்று: கையில் பிடித்துக்கொள்வது. இரண்டு: கப்பலின் அடிவயிற்றில் சரக்கு வைக்கும் அறை. மூன்று: போகிறவரைப் போகவிடாமல் நிறுத்தி வைப்பது.

முதல் இரண்டிற்கும் அரைநாளில் துணை கிடைத்தது. மூன்றாவதற்கு ஒருவரும் இல்லை. இருபத்தாறு வாசலில் நின்றோம். எல்லாரும் தாம் யாரையும் அப்படிச் செய்ததில்லை என்றனர். மகன் கடலுக்குப் போகாதபடி அவன் துடுப்பை ஒளித்து வைத்தவளும் அவ்வாறே சொன்னாள். கடைசியாகச் சிறைக்காவலரிடம் சென்றோம். அவர் சாவிக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு வணங்கினார். ‘பூட்டுறது நான்தான் தாயே. ஆனா நிறுத்தி வைக்கிறது நான் இல்லீங்களே’ என்றார். சொன்ன பிறகே யாரிடம் சொன்னோம் என்று நினைத்து வெலவெலத்துப் போனார். அவர் அஞ்ச வேண்டியதில்லை. உண்மை சொன்னதற்காக அவருக்குப் புதுச் செருப்பு அனுப்பியுள்ளோம்.

இனி எழுதுவதை யாம் என்று எழுத எழுத்தாணி ஓடவில்லை. நான் என்றே எழுதுகிறேன், சாத்தி.

அவையில் காப்பியனார் உன் பெயரைப் பதினெட்டு முறை வாசித்தபோது எனக்கு நா எழவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். பாதி உண்மை. மற்றப் பாதியை இதுவரை எங்கும் எழுதவில்லை. துணைநிற்பவர் எல்லை கடக்கக் கூடாது என்ற முறை எனக்குத் தெரியும். நீ என்றாவது கப்பலேறிவிடுவாய் என்பதும் தெரியும். வட்டிலில் நீர் நிறைந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேகமாக நிறையட்டும் என்று நினைத்தேன். கூச்சத்தின் பின்னே ஒளிந்துகொண்டு உன்னைப் பூட்டினேன். கூச்சம் என் சுபாவம். பூட்டியது என் செயல்.

பட்டறிந்தவர்தாம் துணைநிற்க வேண்டும் என்பது முறை. ஆகவே, நேற்று அவையில் எழுந்து நின்றேன். ஹோல்ட் என்பதன் மூன்றாம் பொருளுக்குத் துணை பொன்னெயினி என்று சொன்னேன். உரக்கச் சொன்னேன், சாத்தி. பின்வரிசை வரைக்கும் கேட்டதாகக் காப்பியனார் சொன்னார். அதைப் பட்டறிந்தவர் வேறு யாரும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. அதனால், நம் ஏடு உள்ளவரை நான் இந்த எல்லையைக் கடக்கப்போவதும் இல்லை. நம் இருவருக்கும் சேர்த்து அந்தப் பச்சைப் புள்ளியை நீ ஒருத்தியே பார்த்துக்கொள். வந்து சொல்ல வேண்டும் என்று ஆணை இல்லை. வர வேண்டும் என்றும் ஆணை இல்லை.

யாருக்குடி காட்டப்போறே என்று அன்று கேட்டாயே. உன்னைத் தவிர யாருக்கு.

இனி, அரசியின் ஆணைகள்.

சங்குத்துறைச் சாத்தியின் பெயர் பதினெட்டுப் பொருளினின்றும் இன்றே நீக்கப்படுக. ஆயினும் ‘சாத்தி சொன்னாள்’ என்னும் எழுத்து எந்த நறுக்கிலும் அழிக்கப்படாதிருக்க. அது துணை அன்று, நன்றி.

காற்றுத் திரும்புமுன் கப்பல் புறப்பட வேண்டியிருத்தலின், நள்ளி இவ்வோலையைக் கண்ட அளவிலேயே துறைவாயிலைத் திறக்க. ஏட்டை மறுபடி புரட்டுதல் வேண்டா.

சாத்தியின் தோணிகள் மூன்றையும் அவள் தம்பி காக்க. அவள் ஆடுகள் இரண்டும் அரண்மனைத் தோட்டத்தில் மேய்க. கோடனார் அழுதாலும் மேய்க.

இந்நாட்டிலிருந்து புறப்படுவோர் அனைவரும் வாயிலில் ஒரு சொல் தருதல் கடமை. சாத்தி தன் வாழ்நாளுக்குப் போதிய சொற்களை ஏழு கூடை நிறையத் தந்துவிட்டாள். அவளிடம் விடைபெறும் சொல்லையோ, மன்னித்தேன் என்னும் சொல்லையோ, வேறெந்தச் சொல்லையோ ஒருவரும் கேளாதிருக்க. கேட்பவர் அரசியே ஆயினும் நள்ளி தடுக்க. இந்நாட்டில் எவருக்கும் இதுவரை வழங்கப்படாத இவ்வுரிமையைச் சாத்திக்கு வழங்கினோம்.

அலை உள்ளளவும் நண்டு கரையேறும். கரை உள்ளளவும் இவ்வாணை நிற்கும். முடிசூடிய முதலாம் ஆண்டு ஐப்பசித் திங்கள் ஒன்பதாம் நாள், நண்டு முத்திரை இட்டு, பாய்க்கொட்டகையில் இருந்து எழுதியது.

பொன்னெயினி.

*

ஓலையின் புறத்தே துறைக்காவலன் நள்ளி, ஏட்டு மண்டபத்தார் அறிய எழுதியது:

சாத்தி காலை வெயில் ஏறும்போது வந்தாள். முத்திரையை உடைத்து நின்றபடியே படித்தாள். ஓரிடத்தில் சிரித்தாள். எந்த இடம் என்று எட்டிப் பார்த்தேன், மறைத்துக்கொண்டாள். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து படித்தாள். கடைசிப் பகுதியை இரண்டு முறை படித்தாள். படித்த ஓலையையும் ஆட்டுக் கயிறு இரண்டையும் என் கையில் கொடுத்தாள்.

வாயிலைத் திறந்தேன். பழக்க தோஷத்தால் சுங்கச் சொல்லை எழுத எழுத்தாணியை எடுத்துவிட்டேன். அவள் அதைப் பார்த்தாள். வாய் திறந்தாள், மூடிக்கொண்டாள். எழுத்தாணியை நான் கீழே வைத்தேன்.

பாய்க்கொட்டகை வாசலில் குடையில்லாமல் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். யார் என்று எழுத எனக்கு ஆணை இல்லை. சாத்தி கப்பலுக்குப் போகும் வழியை விட்டு அங்கே நடந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நூறு எண்ணும் நேரம் பிடித்திருந்தாள். அவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் தடுக்க வேண்டுமே என்று நான் அஞ்சிக்கொண்டு நின்றேன்.

பிறகு மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் கப்பலேறினாள்.